பழைய பாட்டா? நம்ம பாட்டு!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவை நோட்டீஸ் போட்டபோது, அதிலேயே சில தலைப்புகளும் கொடுத்திருந்தார்கள். ‘தன்னம்பிக்கையே வெற்றி’, ‘மின் சிக்கனம்’, ‘இளைஞர் கையில் இந்தியா’. எல்லாம் நல்ல தலைப்புதான். ஆனால் நான் ஒரு சினிமாப் பாட்டைப் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் மலர்க் குழுவில் இருந்த நண்பன் சிரித்தான். “டேய், இது சாவனீர்டா, பாட்டுப் புஸ்தகம் இல்ல” என்றான். படிச்சுப் பாரு, பிடிக்கலன்னா கிழிச்சுப் போட்டுடுன்னு சொல்லித்தான் கொடுத்தேன். இப்போது இது உங்கள் கையில் இருக்கிறது என்றால் அவன் கிழிக்கவில்லை என்று அர்த்தம்!

எந்தப் பாட்டு? ‘சகலகலா வல்லவன்’ படத்தில் வரும் ‘இளமை இதோ இதோ’. டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ எந்தத் தெருமுனையில் நின்றாலும் காதில் விழுமே, அதே பாட்டுதான். படம் வந்தது 1982 ஆகஸ்டில். சுதந்திர தினத்தை ஒட்டி வந்த படத்தின் பாட்டு, புத்தாண்டுப் பாட்டாக மாறிவிட்டது! ஏவி.எம். தயாரிப்பு, எஸ்.பி.முத்துராமன் டைரக்‌ஷன், இசை இளையராஜா, எழுதியவர் வாலி, பாடியவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம், ஆடியவர் கமல்ஹாசன். அப்போது என் அப்பாவுக்கு ஏழு வயது. நான் பிறக்க இன்னும் இருபத்தைந்து வருஷம் பாக்கி இருந்தது.

ஆண்டு விழா நிகழ்ச்சிக்காக நம்ம எலெக்ட்ரிக்கல் பசங்க கூடிப் பேசினபோது நான் இந்தப் பாட்டைச் சொன்னேன். “அது எங்க அப்பா காலத்துப் பாட்டுப்பா, புதுசா சொல்லு” என்று ஒரு குரல். “வெறும் டிஸ்கோ. அதுல இன்னா இருக்குது?” என்று இன்னொரு குரல். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ராத்திரி வீட்டில் படுத்த பிறகுதான் பதில் தோன்றியது. எனக்கு எப்பவுமே அப்படித்தான். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘பழசு’ என்ற குற்றச்சாட்டு. 2025 ஏப்ரலில் அஜித் நடித்த ‘குட் பேட் அக்லி’ படத்தில் இந்தப் பாட்டு ஒலித்தபோது தியேட்டரில் விசில் அடித்தது யார்? நம்ம வயசுப் பசங்கதான். தன் அனுமதி இல்லாமல் பாட்டுகளைப் பயன்படுத்தியதாக இளையராஜா நோட்டீஸ் அனுப்பி, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. செத்துப்போன பாட்டுக்காக யாராவது கோர்ட்டு ஏறுவார்களா நண்பர்களே?

அடுத்தது ‘வெறும் டிஸ்கோ’ என்ற குற்றச்சாட்டு. டிஸ்கோ என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘டிஸ்கோதெக்’ என்ற பிரெஞ்சு வார்த்தையின் சுருக்கம் அது. இசைத்தட்டு போட்டு ஆடும் இடத்துக்கு அந்தப் பெயர். நம்ம ஊர்த் தெருப் பலகைகளில் இன்றைக்கும் எழுதியிருக்கிறதே, அதே பிரெஞ்சு! வாத்தியக் கோஷ்டி வைக்கக் காசு இல்லாவிட்டால் என்ன, தட்டு சுழன்றால் போதும், ஜனம் ஆடும். 1970-களில் அமெரிக்காவில் கறுப்பின மக்களும், லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களும், மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்டவர்களும் ஆடிய கிளப்புகளில்தான் இந்த இசை வளர்ந்தது. 1977-ல் வந்த ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. அந்தப் படத்தின் ஹீரோ யார்? வாரம் முழுக்கக் கடையில் பெயிண்டு விற்கிற ஒரு சாதாரணப் பையன். சனிக்கிழமை ராத்திரி மட்டும் அவன் ராஜா.

இதற்கு எதிரிகளும் இருந்தார்கள். 1979 ஜூலை 12-ஆம் தேதி சிகாகோ நகரத்தில் ஒரு பேஸ்பால் மைதானத்தில், ராக் இசை ரசிகர்கள் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து ரகளையாகி, அன்றைக்கு நடக்க வேண்டிய அடுத்த ஆட்டமே நின்றுபோனது. டிஸ்கோ ஒழிந்தது என்று பலரும் அப்போது முடிவு கட்டினார்கள்.

ஆனால் மூன்று வருஷம் கழித்துச் சென்னையில் என்ன நடந்தது பாருங்கள். சிகாகோவில் அடித்துக்கொண்ட அந்த இரண்டையும் இளையராஜா ஒரே பாட்டில் உட்கார வைத்துவிட்டார்! டிஸ்கோவின் கணக்கு ரொம்ப எளிது. நாலு தட்டு என்றால் நாலுக்கும் ஒரே அழுத்தத்தில் டிரம் அடி, நிமிஷத்துக்குச் சுமார் 120. சங்கீதம் தெரியாதவன் காலும் தானாகத் தாளம் போடும். ராக் என்றால் எலெக்ட்ரிக் கிட்டாரின் முறுக்கு, குரலில் ஒரு சவால். நம்ம பாட்டில் காலுக்கு டிஸ்கோ, நெஞ்சுக்கு ராக். இந்தியில் 1980-லேயே ‘குர்பானி’ படத்தில் நாஸியா ஹசன் பாடிய பாட்டு வந்துவிட்டது உண்மைதான். ஆனால் மிதுன் சக்ரவர்த்தியின் ‘டிஸ்கோ டான்சர்’ வந்தது 1982 டிசம்பரில். நம்ம பாட்டு அதற்கு நாலு மாசம் மூத்தது!

இதைச் செய்தவர்கள் யாரும் டிஸ்கோ கிளப்பில் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. இளையராஜா மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பண்ணைப்புரம் கிராமத்துக்காரர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை மாணவனாக உட்கார்ந்து படித்தவர். இளமையைப் பற்றி எழுதிய வாலிக்கு அப்போது வயது 50! பாடிய எஸ்.பி.பி.யோ நம்ம ஜாதி, அதாவது இன்ஜினியரிங் ஜாதி. அனந்தபூரில் இன்ஜினியரிங் சேர்ந்து, டைபாய்டு காய்ச்சலால் படிப்பு நின்று, பிறகு சென்னைக்கு வந்து ஏ.எம்.ஐ.இ. சேர்ந்தவர். அவர் 2020 செப்டம்பர் 25-ல் மறைந்தார். அந்த வருஷம் டிசம்பர் 31-லும் எங்கள் தெருவுக்குப் புத்தாண்டு சொன்னது அவர் குரல்தான்.

சரி, இந்தப் பாட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

நான் முதலியார்பேட்டைக்காரன். மரப்பாலம் பக்கம் வீடு. தாத்தா மில் தொழிலாளி. எங்கள் ஏரியாவில் அந்தக் காலத்தில் கடிகாரமே தேவையில்லையாம், மில் சங்கு ஊதினால் மணி தெரியுமாம். இப்போது சங்கும் இல்லை, மில்லும் ஓடவில்லை. அப்பா கொத்தனார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். எங்கள் வீட்டில் பத்தாவது பாஸ் செய்த முதல் ஆள் நான். டிப்ளமோவில் சேர்ந்த அன்றைக்கு ஆயா எனக்குத் திருஷ்டி சுத்திப் போட்டது.

செலவுக்காக, ஏரியாவில் மைக் செட் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் முதல் வருஷத்திலிருந்து வேலைக்குப் போகிறேன். ஆடி மாசம் கூழ் ஊத்துவதிலிருந்து கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம் வரை எல்லாவற்றுக்கும் ஒயர் இழுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் அடி ஓசை சரியாக வராது. இப்போது வரும் புதுப் பாட்டு பலதும் அடி ஓசையை நம்பி இருப்பதால் குழாயில் போட்டால் சொத சொதவென்று ஆகிவிடும். ‘இளமை இதோ இதோ’ அப்படி இல்லை. எஸ்.பி.பி. குரல், கிட்டார், தாளம் எல்லாம் கணீரென்று அடுத்த தெரு வரைக்கும் போகும். ஓட்டலில் இருக்கும் விலை உயர்ந்த ஸ்பீக்கரிலும் அது கேட்கும், கிழிந்த ஸ்பீக்கரிலும் கேட்கும். ஒரு பாட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் நிற்க இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி. ஏழை வீட்டுக் கருவியில் கெட்டுப்போகிற பாட்டு ஏழை வீட்டில் நிலைக்காது.

போன டிசம்பர் 31-ஆம் தேதி ஒரு ஓட்டலில் வேலை. உங்களுக்கே தெரியும், அன்றைக்கு நம்ம ஊர் நம்ம ஊராக இருக்காது. சென்னை, பெங்களூர் வண்டிகள் நிறைந்து, கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. நானும் அண்ணனும் சாயங்காலமே போய் மிக்சர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் கட்டி முடித்தோம். நிகழ்ச்சி நடத்த வேண்டியவர் வர நேரமாகிவிட்டது. கூட்டம் கத்த ஆரம்பித்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் என்னிடம் வந்து, “தம்பி, பாலிடெக்னிக் படிக்கிறேன்னு சொன்னியே. மைக்கை எடுத்து இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை வெல்கம் சொல்லு. அதுக்குள்ள அவர் வந்துடுவார்” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

மைக் என் கையில் இருந்தது. சுவிட்ச் போட்டிருந்தது. முன்னால் இருநூறு பேர். சொல்ல வேண்டியது இரண்டே வரி. மூன்று வருஷமாக இங்கிலீஷில்தான் பரீட்சை எழுதுகிறேன். ஆனால் வாய் திறக்கவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? “சார், மைக்ல ஏதோ கோளாறு சார்” என்று சொல்லிவிட்டு, கீழே உட்கார்ந்து ஒயரைத் தடவிப் பார்ப்பதுபோல் நடித்தேன். நல்லா இருக்கிற மைக்கைக் கோளாறுன்னு சொன்ன எலெக்ட்ரிக்கல் மாணவன் நான்! அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அப்புறம் அந்த நிகழ்ச்சிக்காரர் வந்தார், ஆட்டம் நடந்தது, பன்னிரண்டு மணி ஆனது. வழக்கம்போல அந்தப் பாட்டு. தொடக்கத்தில் எஸ்.பி.பி. இங்கிலீஷில் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்வாரே, அதைக் கேட்டு இருநூறு பேரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கதைப்படி அந்த இங்கிலீஷைப் பேசுவது யார்?

வேலு. ஒரு பட்டிக்காட்டு ஆள். தங்கச்சிக்கு அநியாயம் செய்த பணக்கார வீட்டுக்குள் நுழைவதற்காக, ஃபாரின் ரிட்டர்ன் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறான். கோட்டு, கண்ணாடி, மோட்டார் சைக்கிள், இங்கிலீஷ், எல்லாமே வேஷம்தான். வேட்டி சட்டையோடு போயிருந்தால் வாட்ச்மேனே விட்டிருக்க மாட்டார். நாற்பது வருஷத்துக்கு மேலாக எல்லா ஓட்டலிலும் எல்லாரும் ஆடுகிற அந்தப் பாட்டு, உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்து, வேஷம் போட்டு உள்ளே வந்த ஒருவனின் பாட்டு. ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்ற எனக்கும் அவனுக்கும் தூரம் ரொம்பக் கம்மி. அதனால்தான் சொல்கிறேன், அது நம்ம பாட்டு!

இந்த இடத்தில் நம் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்ட கேள்வியை மறைக்கக் கூடாது. “பாட்டு சரிப்பா. முழுப் படத்தையும் பாத்தியா? கெடுத்தவனுக்கே அந்தப் பொண்ணைக் கட்டி வைக்கிறதுக்கா இத்தனை வேஷம்? அந்தப் பொண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்றாள். அதற்குப் பிறகுதான் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள். அந்த முடிவை இன்றைக்கு யார் சொன்னாலும் நாம் ஒத்துக்கொள்ளக் கூடாது. படம் வெள்ளி விழா கொண்டாடியது என்பதற்காக அதில் இருப்பதெல்லாம் சரி ஆகிவிடாது. அதே 1982-ல்தான் ‘மூன்றாம் பிறை’யும் வந்தது. கமலுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது அந்தப் படம்தான். எது நல்ல படம் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் பாட்டு படத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. இன்றைக்கு ஆடுகிற பாதிப் பேருக்குப் படத்தின் கதை தெரியாது. நல்லதை எடுத்துக்கொண்டு அல்லாததை விட்டுவிட்ட ஜனங்களின் புத்தியை நான் பாராட்டுகிறேன்.

“ஜனவரி ஒண்ணு நம்ம பண்டிகையா?” என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் ஆயா அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: “சித்திரை ஒண்ணுக்கு சாமி கும்பிடு, ஜனவரி ஒண்ணுக்குக் காலண்டர் மாட்டு. எதுக்குச் சண்டை?” ஆனால் கமல் பைக்கில் வந்தார் என்று குடித்துவிட்டுக் கடலூர் சாலையில் முறுக்கிக்கொண்டு போகும் நண்பர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவர் செட்டில் ஓட்டினார் அப்பா. நீ லாரிக்கு எதிரே ஓட்டுகிறாய்.

இன்னொரு விஷயம். இது என் அம்மா சொன்னது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலம் ‘தானே’ புயல் நம்ம ஊருக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. எனக்கு அப்போது நாலு வயது. எங்கள் வீட்டு ஷீட் பறந்துபோய்விட்டது. ஊரெல்லாம் மரம் விழுந்து, கம்பம் சாய்ந்து, கரண்டு கிடையாது. மறுநாள் ராத்திரி புத்தாண்டு. சோறு பொங்க அடுப்புக்குக் காய்ந்த விறகு இல்லை. தெருவே இருட்டில் வாசலில் உட்கார்ந்திருந்ததாம். பன்னிரண்டு மணிக்கு, தெருக்கோடியில் ஆட்டோ வைத்திருந்தவர், பேட்டரியில் ஓடுகிற தன் ஆட்டோ பிளேயரில் இந்தப் பாட்டைப் போட்டாராம். “யாரும் ஆடலடா. ஆனா யாரும் நிறுத்துன்னும் சொல்லல. பாட்டு முடிஞ்சதும் உங்கப்பா எழுந்து, காலைல ஷீட்டுக்கு எங்கியாவது கடன் கேக்கணும்னு சொன்னாரு. ரெண்டு நாளா பேசாத மனுஷன் அப்பத்தான் பேசினாரு” என்று அம்மா சொல்லும். ‘அதுல இன்னா இருக்குது?’ என்று கேட்ட நண்பனே, அதுல இதுதான் இருக்குது.

இப்போது நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். வேலு வேஷம் போட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. அது 1982. நமக்கு இன்னும் எத்தனை வருஷம் வேஷம்? போன செமஸ்டரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு வந்தது. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கனெக்‌ஷன் கொடுக்கும் என் நண்பன், ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று இங்கிலீஷில் கேட்டதும் வேர்த்துப்போய் வெளியே வந்துவிட்டான். வெளியே நின்ற நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்த பாவம்தான் டிசம்பர் 31-ல் என் தொண்டையில் வந்து அடைத்துக்கொண்டது. கேட்டவர் சிரித்துவிடுவார் என்ற பயம் எனக்கு எங்கிருந்து வந்தது? நம் வகுப்பிலிருந்துதான் வந்தது. நாமே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்து வளர்த்த பயம் அது.

பண்ணைப்புரத்துக்காரர் கிட்டாரைக் கண்டு கூச்சப்படவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு மாஸ்டரிடம் போய் உட்கார்ந்தார். கற்றுக்கொண்டபின் அதை நம்ம ஜனம் ஆடுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். இங்கிலீஷும் கிட்டார் மாதிரி ஒரு கருவிதானே? ஸ்குரூ டிரைவரைத் தப்பாகப் பிடிக்கிறவனைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை, “இப்படிப் பிடிடா” என்று காட்டித் தருகிறோம். இதற்கு மட்டும் ஏன் சிரிப்பு?

எனவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரம், ஒரு ஹால், ஒரு மைக். யார் வேண்டுமானாலும் வந்து இரண்டு நிமிஷம் பேசலாம். தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிக்கலாம், நடுவில் நின்றும் போகலாம். ஒரே ஒரு சட்டம்: யாரும் சிரிக்கக் கூடாது. லெக்சரர்கள் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நடக்கும். மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் நான் கொண்டுவருகிறேன். அண்ணனிடம் கேட்டுவிட்டேன். “வாடகை வேணாம், எடுத்துக்கினு போ” என்று சொல்லிவிட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை முதலில் பேசப்போவது நான்தான். அன்றைக்கு மைக்கில் கோளாறு இருக்காது. உறுதி!

வாழ்க மாணவர் ஒற்றுமை!

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் பிரிவு,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.